திரேஸ்புரத்தில் மூன்று நங்கூரங்கள்

மரத்தில் செதுக்குவது எனக்குத் தொழில் இல்லை. வார நாட்களில் மதுரையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேங்கைக் கட்டையோடு உட்கார்ந்தால் மட்டும் சோறு தண்ணீர் மறந்துபோகும். கடையில் வாங்கும் உளிகள் எனக்கு ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை என்று புலம்பியபோது, செதுக்குகிற தோழி ஒருத்தி தூத்துக்குடியில் இருக்கும் வேலு ஆசாரியைச் சொன்னாள். போன் செய்தேன். "கையைப் பாக்காம உளி அடிக்க மாட்டேம்மா. ஒரு நா பட்டறைக்கு வாங்க" என்றார். போன மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மாட்டுத்தாவணியில் காலை ஐந்தரைக்குப் பேருந்து. ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம். தூத்துக்குடி புதிய பேருந்து நிலையத்திலிருந்து திரேஸ்புரத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசினால் இருபது குறையலாம். எனக்குப் பேசத் தெரியாது. ஆசாரி பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"கோயில் குருசும் அவருதான், அம்மன் சூலமும் அவருதான் யக்கா. வாசல்ல ஒரு இரும்புப் பொம்பள ஒக்காந்திருப்பா. அங்கன இறங்கிக்கிடுங்க."

இருந்தாள். வலை பின்னுகிற ஒரு பெண், ஆள் உயரம். கப்பல் சங்கிலிக் கண்ணிகளை நீட்டி அடித்துக் கைகள், பழைய எண்ணெய் பீப்பாய்த் தகட்டை மடித்துச் சேலைக் கொசுவம். வலை மட்டும் இல்லை. விரல்கள் வெறுங்காற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. நான் அதன் முன்னாலேயே கால்மணி நேரம் நின்றுவிட்டேன்.

வேலு ஆசாரிக்கு ஐம்பது வயதிருக்கும். விளாத்திகுளம் பக்கம் பிறந்தவர். அப்பா கலப்பைக் கொழு அடித்தவர். இருபது வயதில் இங்கே கப்பல் பழுது பார்க்கும் இடத்துக்கு வெல்டிங் வேலைக்கு வந்திருக்கிறார். மிச்சத் துண்டுகளை ஒட்டிப் பொம்மை செய்து பார்க்கப்போய், அதுவே பாதி வாழ்க்கையாகிவிட்டது. மீதிப் பாதி கருவிகள்: சங்கறுப்பவர்களுக்கு ரம்பம், உப்பளத்துக்கு வாருபலகை, வள்ளங்களுக்கு நங்கூரம். கரையிலேயே முப்பது வருடம் இருந்தும் ஒரு தடவைகூடக் கடலுக்குள் போனதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நீச்சல் தெரியாது.

என் வலது கையைப் பிடித்து, விரல்களை மடக்கி, கட்டைவிரல் மேட்டை அழுத்திப் பார்த்தார். "நீங்க மணிக்கட்டால தள்ளுதீங்க, தோளால இல்ல. பிடி குட்டையா இருக்கணும்." யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. உலையில் ஒரு கம்பியை வைத்தார். அது பழுத்து வந்ததும் பட்டடைக்கல்லில் அடித்தார். பத்தரை மணிக்குள் உளியின் உருவம் வந்துவிட்டது. திரும்பவும் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். துவைச்சல் என்கிறார்கள், நல்ல உருக்கு இதில்தான் கடினமாகும். பிறகு அரத்தை எடுத்து வாய்ப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தார். கடினமான உருக்கில் அரம் வழுக்க வேண்டும். வழுக்கவில்லை. கறகறவென்று இரும்பைத் தின்றது.

இன்னொரு தடவை இழுத்தார். அப்புறம் உளியைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த இரண்டு கம்பிக் கட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்னவென்று கேட்டேன்.

"இது பச்சிரும்பும்மா. மெதுவான சாமான். உருக்குக் கட்டுல இது எப்பிடி வந்துச்சு?"

அவராகவே பதிலும் சொன்னார். போன மாதம் மழைத் தண்ணீர் உள்ளே வந்தபோது அவசரமாகக் கட்டுகளை நகர்த்தி வைத்திருக்கிறார். அப்போது ஒரு கம்பி இடம் மாறியிருக்கிறது. இங்கே ஒரு மெது இரும்பு வந்திருந்தால், அந்தப் பக்கம் ஒரு உருக்கு போயிருக்கும். அந்தப் பக்கத்துக் கட்டிலிருந்துதான் போன வாரம் மூன்று நங்கூரம் அடித்திருக்கிறார். அடித்துச் சூட்டோடு தண்ணீரில் போட்டுக் குளிரவைப்பது வழக்கம். மெது இரும்பை அது ஒன்றும் செய்யாது. உருக்காக இருந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஒரு வெட்டு இழுப்பில் முறியும்.

மூன்றில் ஒன்று மூலையில் கிடந்தது. ஓடிப்போய் அரத்தைப் போட்டார். தின்றது. மெது இரும்பு, நல்லது. ஆனால் அவர் முகத்தில் நல்லது எதுவும் தெரியவில்லை. மற்ற இரண்டும் அன்று காலை கடலுக்குப் போயிருந்தன. ஒன்று லாரன்ஸ் என்பவரின் மீன்பிடி வள்ளத்தில். மற்றது சேவியரின் வள்ளத்தில். சேவியர் சங்கு குளிப்பவர்.

அதன் அர்த்தம் எனக்கு உடனே விளங்கவில்லை. கரைக்கு ஓடுகிற வழியில், மூச்சு வாங்க அவர் சொன்னார். குளிப்பவர் கடலடியில் இருப்பார். அவருக்குக் காற்று, வள்ளத்திலிருந்து இறங்கும் குழாயில் போகிறது. வள்ளத்தைப் பிடித்து நிறுத்துவது நங்கூரம் மட்டும்தான். அது முறிந்தால் வள்ளம் காற்றோடு போகும். குழாயும் கூடவே போகும்.

"மத்தியானத்துக்கு மேல கொண்டல் ஏறும்" என்றார். கிழக்கிலிருந்து வரும் காற்று. அப்போதே என் துப்பட்டா படபடத்துக்கொண்டிருந்தது.

கரையில் மீன் ஏலம் முடிகிற நேரம். சேவியர் போன் எடுக்கவில்லை. அங்கே சிக்னல் கிடையாதாம். வேலு ஆசாரி ஏலக் கூட்டத்தின் நடுவில் போய் நின்று, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். என் தப்பு, கம்பி மாறிப்போச்சு, சேவியரை மேலே ஏற்றணும். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். "முப்பது வருசமா அடிக்கான், கம்பி தெரியாதா?" என்று ஒருவர் கத்தினார். சேவியரின் தம்பி அருள் ஒரு பழைய நங்கூரத்தைத் தூக்கி ஃபைபர் படகில் போட்டுக்கொண்டு, இன்னொருவரோடு கிளம்பிவிட்டார். லாரன்ஸ் எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவர் தூண்டில் போடுபவர், ஆள் தண்ணீருக்குள் இறங்குவதில்லை. அதனால் முதலில் சேவியர்.

சேவியரின் மனைவி ரோஸ்லின் மீன் கூடையோடு வந்தார். யாரோ அதற்குள் சொல்லிவிட்டார்கள். கூடையைத் தரையில் வைத்துவிட்டு ஆசாரிக்கு நேரே வந்து நின்றார்.

"அவரு மொதல்ல மேல வரட்டும் அண்ணாச்சி. அதுக்குப் பொறவு உங்ககிட்ட பேசுதேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட ஆசாரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காத்திருந்தோம். நான் யார், எதற்காக அங்கே நிற்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. போய்விடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது, கால் நகரவில்லை. என் உளிக்காக மட்டும் அந்தக் கம்பியை எடுக்காமல் இருந்திருந்தால் இந்தப் பயமே இருந்திருக்காது, ஆபத்து மட்டும் அப்படியே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தூரத்தில் தெரிகிற ஒவ்வொரு படகையும் எண்ணெயும் உப்பும் படிந்த என் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ரோஸ்லின் ஜெபமாலையை எடுத்தார், இரண்டு மணிகளை உருட்டினார், திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஒன்றே முக்காலுக்கு இரண்டு படகுகள் சேர்ந்து வருவது தெரிந்தது. ரோஸ்லின் தண்ணீருக்குள் முழங்கால் வரை போய்விட்டார். "இருக்காவ" என்றார், யாரிடமென்று இல்லாமல். "முன்னால நிக்காவ."

சேவியர் இறங்கியதும் கோபமாகத்தான் இறங்கினார். "நல்ல சங்கு கிடக்குற எடம். பாதியில ஏத்திட்டானுவ. என்னவே ஆசாரி இது?" ஆசாரி வள்ளத்துக்குள் கையை விட்டு, நங்கூரத்தை மணலில் இழுத்துப் போட்டு அரத்தை வைத்தார். தின்றது. மெது இரும்பு. கூட்டத்துக்கு அரம் புரியவில்லை; யாரோ சம்மட்டி கொண்டுவந்தார்கள். ஆசாரியே தூக்கி அடித்தார். ஐந்தாறு அடியில் கொம்பு லேசாக வளைந்ததே தவிர முறியவில்லை.

சிரித்தார்கள். "ஒண்ணுமில்லாததுக்கு ஊரையே கூட்டிட்டான்" என்றார் காலையில் கத்தியவர். சேவியரும் சிரித்தார். ஆனால் ஆசாரி சம்மட்டியைக் கீழே போடாமல் கடலையே பார்த்தார்.

"அப்ப லாரன்ஸுகிட்ட இருக்கு."

சிரிப்பு நின்றது. கொண்டல் நன்றாக ஏறிவிட்டிருந்தது. அலைகள் வெள்ளையாக உடைந்தன. அருள் மறுபடியும் படகை எடுத்தார். எங்கே தேடுவதென்று தெரியாமல் ஒரு மணி நேரத்தில் திரும்பினார். இந்தத் தடவை காத்திருப்பு இன்னும் மோசமாக இருந்தது.

நாலு மணி தாண்டி லாரன்ஸின் வள்ளம் வந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர். எங்கள் கூட்டத்தைப் பார்த்து ஒன்றும் புரியாமல், கயிற்றின் நுனியைத் தூக்கிக் காட்டினார். அதில் வளையமும் சாண் நீளத் தண்டும்தான் இருந்தன.

"ஏலே வேலு, என்னலே இரும்பு குடுத்த? பார்ல மாட்டிக்கிட்டுன்னு ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன், மேல பாதிதான் வருது. காத்து இழுத்துட்டுப் போவாம ரெண்டு பேரு துடுப்பு போட்டே வந்து சேந்தோம்."

பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. சங்கு கிடப்பதும் அதன் ஓரங்களில்தான். ஆசாரி அந்தத் துண்டை வாங்கித் திருப்பினார். முறிந்த முகம் கற்கண்டை உடைத்த மாதிரி மணிமணியாக மின்னியது. உருக்குதான். மணலில் உட்கார்ந்துவிட்டார்.

சேவியர் பக்கத்தில் வந்து குந்தினார். அவர் குரல் இப்போது வேறாக இருந்தது. "போன வாரம் ரெண்டையும் இவன் வாசல்ல போட்டுருந்தான். ஒண்ண எடுத்துக்கன்னான். வண்டிக்குக் கிட்ட கெடந்தத எடுத்தேன்."

மறுநாள் நடந்ததைச் சொல்வதற்கு முன், போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கடலுக்கு யாரும் போக மாட்டார்கள், கரை வெறிச்சோடி இருக்கும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் ஏலம் பார்க்கலாம். மீனவர்களைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். பட்டறைக்குள் செருப்பு போதாது. மூடிய காலணி வேண்டும், தீப்பொறி பட்டு என் சுடிதாரில் மூன்று ஓட்டை விழுந்தது. உளி வேண்டுமென்றால் பத்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். நான் தங்கிய விடுதி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், இரவுக்குத் தொள்ளாயிரம் ரூபாய், சுத்தம். அன்றிரவு பொரிச்ச பரோட்டா வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அது பரோட்டாவின் குற்றம் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விடைபெறப் போனேன். ஆசாரி இருட்டோடு எழுந்து சம்மட்டியில் வளைந்ததற்குப் பதிலாகச் சேவியருக்குப் புது நங்கூரம் அடித்து முடித்திருந்தார். ரோஸ்லின் வாசலில் நின்றிருந்தார், பின்னால் சேவியர். ஆசாரி அரத்தையும் சம்மட்டியையும் ரோஸ்லினிடம் நீட்டினார்.

"நீயே அடிச்சுப் பாத்துக்க தாயி. எவ்வளவு வேணும்னாலும் அடி."

ரோஸ்லின் இரண்டையும் வாங்கவில்லை. "அடிச்சுப் பாக்கது எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நீங்களும் வள்ளத்துல ஏறுங்க."

சேவியர், "ஏளா, அவருக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

"தெரியாண்டாம். அவரு நீந்தவா போறாரு? நீரு கீழ இருக்கையில நங்கூரக் கயித்தப் பிடிச்சிக்கிட்டு ஒக்காரட்டும்."

ஆசாரி உலையைப் பார்த்தார், கடல் இருக்கும் திசையைப் பார்த்தார். பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினார். நங்கூரத்தைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தார். வள்ளத்தில் ஏறும்போது இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

நான் பேருந்து ஏறி மதுரை வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மூன்று மணி சுமாருக்கு அழைப்பு வந்தது. முதலில் காற்றுச் சத்தம், பிறகு அவர் குரல்.

"கரைக்கு வந்துட்டோம்மா. நாலு தடவ வாந்தி எடுத்தேன். சேவியரு மூணு முங்கு முங்கினான்." கொஞ்சம் நிறுத்தினார். "கயிறு அசையல."