படம் ஓடும்போது எழுந்து நின்றவர்கள்

எங்கள் தெருவில் எல்லாருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். அப்பா கட்டிங், அம்மா செக்கிங். பட்டாளத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மட்டும்தான் ஒரு மாமா இருந்தார். அம்மாவுடைய அண்ணன். மலைமேல் நடந்த சண்டைக்குப் போய்த் திரும்பியவர், வேலையை விட்டுவிட்டு எங்களோடு தங்கியிருந்தார். அதிகம் பேசமாட்டார். கல்யாண ஊர்வலத்தில் யாராவது வெடி போட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பீரங்கி கேட்ட காதுக்கு ஓலைவெடியெல்லாம் சத்தமா என்று நான் பள்ளியில் அளந்துவிட்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களை மேட்னி ஷோவுக்கு அழைத்துப்போனாள். போஸ்டரில் ஓர் அண்ணனும் தம்பியும் தங்கையும் ஒரே தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். "பாசப் படமுங்ண்ணா. எத்தன நாளைக்குத்தான் ஊட்டுக்குள்ளயே உக்காந்திருப்பீங்க?" என்றாள். கம்பெனியில் பாதிப்பேர் பார்த்துவிட்டு அழுத படம். கதையைச் சொன்னால் சுவை கெட்டுவிடும் என்று, அதில் சண்டை வருவதை ஒருவரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அண்ணன் போருக்குப் போனான். தியேட்டர் அதிரக் குண்டுகள் வெடித்தன. மாமா எழுந்து நின்றுவிட்டார். வெளியே போகவில்லை, உட்காரவும் இல்லை. கைகளைத் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாகப் பக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"ஏனுங்க, மறைக்குதுங்க! உக்காருங்க!" என்றது பின்வரிசை. விசிலும் பறந்தது.

சூப்பர்வைசர் திட்டினால்கூடத் தலை நிமிராதவள் என் அம்மா. அன்றைக்கு எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். "எங்கண்ணனுங்க. நெசமான சண்டைக்குப் போயிட்டு வந்தவருங்க. செத்த நேரம் நிக்கட்டுமுங்க." குரலை உயர்த்தவே இல்லை. விசில் நின்றது. "செரீங்க அம்மணி, நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கூப்பாடு போட்டவரே வேறு நாற்காலிக்கு மாறிக்கொண்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொடியேற்றும்போது நாங்கள் நிற்பதைப் போல, திரையில் பட்டாளத்தார் சாகும்போது மாமா மரியாதை செய்கிறார். நானும் குதித்தெழுந்து ரெட்டைச்சடை ஆட சல்யூட் அடித்தேன்.

"போயிரலாமுங்களாண்ணா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம் கண்ணு. அவன் ஊடு வந்து சேர்றானான்னு பாக்கோணும்" என்றார் மாமா.

வந்து சேர்ந்தான். தங்கை தெருமுனைக்கு ஓடினாள். அப்போதுதான் மாமா உட்கார்ந்தார்.

வெளியே வெயிலில் பார்த்தபோது அம்மாவின் மணிக்கட்டில் நகம் பதிந்து சிவந்திருந்தது. என்னவென்று கேட்டேன். வளையல் அழுத்திவிட்டது என்றாள். அவளுடைய வளையலுக்கு நகம் எப்போது முளைத்தது என்று கேட்கத் தெரியாத வயது எனக்கு. பட்டாளத்துக்காரரும் பயப்படுவார் என்றோ, அந்தப் பயத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டுதான் அம்மா அத்தனை பேர் முன்னாலும் நிமிர்ந்து நின்றாள் என்றோ எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டு அவர்கள் இருவருக்கும் முன்னால் நடந்தேன்.