ஹாரன் அடிக்காத இரவு

இதைப் படித்துவிட்டு, "சும்மா அளக்கிறான்" என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கு ஒன்றும் நட்டமில்லை. ஆனால் காரா-பல்தா என்ற ஊரிலிருந்து மலைக்கு ஏறும் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மெதெர்பெக்கின் முன்னால் போய்ச் சிரித்துவிடாதீர்கள். இது அவனுக்கு நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

கடையும் வீடும் ஒன்றுதான். கதவைத் திறந்தால் ரோடு. ராத்திரி முழுக்க லாரி. அலமாரியில் டம்ளர்கள் தாமாகவே நகரும். போதாக்குறைக்கு, டயர் வெடித்தவன் எல்லாம் நடுச்சாமத்தில் வந்து கதவைத் தட்டுவான். மெதெர்பெக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு குறட்டை விடுவான். இரண்டு வருடத்துக்கு முன்னால் எதிரிலேயே ஒரு லாரி கவிழ்ந்தது. அதை ஓட்டி வந்த ஏர்மெக் என்ற சின்னப் பையன் செத்துப்போனான். அதற்கும் இவன் எழுந்திருக்கவில்லை. விடிந்து ஊர் சொல்லித்தான் தெரியும்.

"வாசல்ல லாரியே கவுந்துச்சு, நான் பொரண்டுகூடப் படுக்கலையே!" என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பையனின் அம்மா துர்சுனாய், அந்த இடத்தில் ஓர் இரும்புக் கம்பம் நட்டாள். அதில் மகனின் படம். மேலே அவன் லாரியின் ஸ்டியரிங். அந்த ரோட்டு வழக்கப்படி, கடக்கிற டிரைவர் ஒவ்வொருவனும் மூன்று முறை ஹாரன் அடித்து, கையால் முகத்தைத் தடவிக்கொண்டு போவான். செத்தவனுக்குச் செய்கிற மரியாதை அது.

மெதெர்பெக்குக்குப் பஞ்சு இருந்தது. அவன் குழந்தைக்கு? பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பிஞ்சு. ஒவ்வொரு ஹாரனுக்கும் தூக்கிவாரிப்போட்டு அலறியது. அழுது அழுது நீலம் பாரித்தது. அவன் மனைவி ஜிபார் ஒழுங்காகத் தூங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது.

"எனக்குப் பாலே வத்திப்போச்சுங்க. நீங்க பாட்டுக்குப் பஞ்ச வச்சுக்கிட்டுத் தூங்குறீங்க. வெக்கமா இல்ல?"

சுருக்கென்றது. மறுநாள் இருட்டியதும் கடப்பாரையை எடுத்தான். கம்பத்தைப் பிடுங்கி வண்டியில் போட்டு, வெகுதூரம் தள்ளி, ஆள் நடமாட்டமில்லாத ஒரு பாலத்தடியில் சாய்த்துவிட்டு வந்தான். படத்தில் இருந்த முகத்தை மட்டும் அவனால் பார்க்க முடியவில்லை. துர்சுனாய் வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். அதற்கு இன்னும் மாதக்கணக்கில் கிடக்கிறது. அப்போது ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். ஜிபாரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தால்தானே!

அன்று இரவு லாரிகள் போயின. ஹாரன் இல்லை. குழந்தை தூங்கியது. ஜிபார் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். அவர்களைப் பார்த்துக்கொண்டே படுத்ததில் மெதெர்பெக் பஞ்சு வைக்க மறந்துபோனான்.

மணி இரண்டே கால். விழிப்பு வந்தது. எதனால் என்று முதலில் புரியவில்லை.

லாரிச் சத்தம் இல்லை.

அந்த ரோடு ஒரு நாளும் அப்படி அடங்கியதே கிடையாது. எழுந்து ஜன்னல் திரையை விலக்கினான். லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. வெளிச்சம் வந்தது, கடந்தது. அடுத்த லாரி வந்தது. சத்தம் மட்டும் இல்லை...

டப்... டப்... டப்...

கதவு.

"கடை மூடியாச்சு. விடிஞ்சு வாங்க." பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான்.

டப்... டப்...

ஆள் நின்று தட்டுகிற உயரத்தில் இல்லை அந்தச் சத்தம். கதவின் அடிப்பலகையில்... முழங்காலுக்கும் கீழே...

"யாரு?"

"அண்ணே..." சின்னப் பையன் குரல். மூச்சு இரைத்தது. "என் கம்பம் எங்கண்ணே? எங்கம்மா வந்து தேடுவாங்க..."

பயம்தான். ஆனால் பயத்தையும் தாண்டி வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

திறக்கவில்லை. பஞ்சை எடுத்தான். இரண்டு காதிலும் திணித்தான்.

டப்... டப்...

துளிகூடக் குறையவில்லை.

தொட்டிலைப் பார்த்தான்.

குழந்தை விழித்திருந்தது. அழவில்லை.

கதவின் அடியையே பார்த்தது...

வெளுக்கிற நேரத்தில்தான் நின்றது. மெதெர்பெக் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினான். பட்டப்பகலில், ஊர் பார்க்க, கம்பத்தைப் பழைய குழியிலேயே நட்டான். பக்கத்து டீக்கடைக்காரி சும்மா இருப்பாளா?

"என்ன மெதெர், கம்பம் நடுறியா? தண்ணி ஊத்து, காய்க்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தலை நிமிரவில்லை.

அப்போது வேனிலிருந்து துர்சுனாய் இறங்கினாள். வருகிற நாளே இல்லை அது. கையில் துணி மூட்டை. எண்ணெயில் பொரித்த ரொட்டியின் சூடு இன்னும் ஆறவில்லை.

"ராத்திரி கனவுல வந்தான் தம்பி. எடம் தெரியலம்மான்னு அழுதான். அதான் அவன் பேர்ல படைக்க ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன்." சொன்னவள் ஈர மண்ணைப் பார்த்தாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள்.

"நான்தாம்மா புடுங்கினேன். ஹாரன் சத்தத்துல புள்ள தூங்கல... என்னைச் செருப்பால அடிங்க."

"அட, இதுக்கா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தள்ளி நட்டிருப்பேனே. புள்ள தூங்கணும்ல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "அவன் ராத்திரி வந்து கதவத் தட்டினாம்மா..." என்றான்.

துர்சுனாய் முகம் மாறியது. "எங்க தட்டினான்?"

அடிப்பலகையைக் காட்டினான்.

இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துக் கடந்தன.

"அன்னைக்கும் அங்கதான் தட்டியிருக்கான்," என்றாள். "அவன் உடனே சாகல தம்பி. ஊந்துக்கிட்டே உன் கதவு வரைக்கும் வந்துட்டான். சேதி கேட்டு ராத்திரியே நான் வந்து சேர்ந்தப்பவும் கை கதவு மேலதான் கெடந்துச்சு. விடியறதுக்குள்ள ரத்தத்த நான்தான் என் முக்காட்டால தொடச்சேன். வந்தவங்க கையக் காலப் புடிச்சு, உங்கிட்டச் சொல்ல வேணாம்னேன். இதே வாசல்ல நீ குடியிருக்கணுமே."

மூட்டையைப் பிரித்து ஒரு ரொட்டியை நீட்டினாள்.

"சாப்பிடு தம்பி. ஆறிடப்போவுது."

வாங்கிக்கொள்ள மெதெர்பெக்குக்குக் கை எழவில்லை.