வாசலில் நின்ற தீவனக்காரர்

மாட்டுத் தீவன ஆலை முதலாளி சிவபாதத்துக்கு ஒரு வீம்பு உண்டு. பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அவர் போடும் அன்னதானத்தில் கடைசி ஆள் சாப்பிட்ட பிறகுதான் அவர் வாயில் சோறு படும். இன்னொன்று, "சோறு இல்லை" என்று அந்தக் கொட்டகையில் யாரும் சொல்லக்கூடாது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து படகேறி வந்து கரையிறங்கிய அன்று அவர் காதில் விழுந்த முதல் வார்த்தை அது. அகதி முகாமிலிருந்து மூட்டை தூக்கப் போனவர், இந்த ஊர்ப் பெண்ணையே கட்டி, ஊரோரம் வேங்கிக்காலைத் தாண்டி ஆலை வைத்து ஆளாகி, தலையும் நரைத்துவிட்டது. அந்த வார்த்தை மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

இந்த மாதம் சனியன் காலண்டர் வழியாக வந்தது. தேதியைப் பார்த்த சமையல் மேஸ்திரி மணிவேல், திதி சாயங்காலம்தான் பிறக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. விடியலிலேயே சாம்பார் சாதத்தைக் கிளறி அண்டாக்களை மூடிவிட்டான். கூட்டம் வரவில்லை. பங்குனி வெயில் தகரக் கொட்டகையை நாள் முழுக்க வறுத்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் சனம் திரண்டு வரிசை கட்டியபோது மூடியைத் திறந்தார்கள். ஊசல் வாடை குப்பென்று அடித்தது.

மணிவேல் வெளிறிப்போனான். "மொதலாளி, லேசாதாங்க வாடை. ஊறுகா ஜாஸ்தியா வச்சுட்டா தெரியாது. பசியில வந்தவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அதுதான் சிவபாதத்தைச் சுட்டது. சொல்லத்தான் மாட்டார்கள். முகாமில் ஊசிய சோற்றை மறுபேச்சில்லாமல் தின்றவர் அவர். வெளியே கைக்குழந்தைக்காரிகள் நெருக்கியடித்து நின்றார்கள். யாரோ தட்டைத் தட்டினார்கள். புது உலை வைத்து இறக்குவதற்குள் இந்த வரிசை மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.

"ஈரம் பட்ட தீவனத்தை நான் மாட்டுக்கே விக்கமாட்டன். இதை மனுசருக்குப் போடுறதோ? கொட்டு. கொட்டிட்டு உலையை வை."

"வெளிய இன்னா சொல்றதுங்க?"

"நான் சொல்லுறன்."

வாசலுக்குப் போனார். கைகூப்பினார். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ. சோறு இல்லை."

அவமானத்தில் காது எரிந்தது. "போட வக்கில்லாதவனுக்குக் கொட்டகை எதுக்குய்யா?" என்று ஒருவன் கத்தினான். நியாயமான கேள்வியாகத்தான் அவருக்குப் பட்டது. வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

போளூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆராயி என்ற பெண் மட்டும் நகரவில்லை. அண்டாவைக் கவிழ்ப்பதை அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

"நீ துன்னியாண்ணா?"

"கடைசி ஆள் சாப்பிட்ட பிறகுதான் நான்..."

"எல்லாரும் போய்ட்டாங்க. இன்னிக்கு நீதான் கடைசி. புடி."

ஊர் திரும்பும் வழிக்கென்று கட்டிவந்த புளிச்சோற்றில் ஒரு கை அள்ளி நீட்டினாள். சிவபாதம் இரண்டு கையையும் ஏந்தினார். முகாமைவிட்டு வந்த பிறகு அவர் கையேந்தியது அன்றுதான்.