பதினைந்து மீட்டர் ஆழம் போகும் கேமராவும் ஒரு நாவல்பழப் புடவையும்

என்னிடம் ஒரு கேமரா இருக்கிறது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உடையாது. பதினைந்து மீட்டர் தண்ணீருக்கடியில் வேலை செய்யும். ஐஸ் பெட்டிக்குள் வைத்தாலும் உயிரோடு இருக்கும். ஆள் ஏறி நின்றாலும் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. நான் ஏறி நின்றேன், தாங்கியது. அதனால் முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான். படம் எடுப்பது.

ஆரணியில் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். வாங்கி வந்த அன்றே என் மனைவி கேட்டுவிட்டாள்.

வாங்கியதற்குக் காரணம் இருந்தது. எனக்கு மோட்டார் பம்பு விற்கிற வேலை. போளூர், சேத்துப்பட்டு, தேசூர் என்று வண்டியில் சுற்றுவேன். கிணற்றைப் படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அப்போதுதான் எந்த மோட்டார் பொருந்தும் என்று சொல்வார்கள். சேத்துப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றை எட்டிப் பார்த்தபோது முதல் போன் உள்ளே போயிற்று. இரண்டாவது போன் தேசூரில் டிராக்டர் சக்கரத்தின் கீழ் போயிற்று. மூன்றாவது என்னுடையதல்ல, மனைவியுடையது. அது சாகவில்லை, கேமராக் கண்ணாடி மட்டும் சிலந்திவலை மாதிரி விரிந்துவிட்டது. அதன்பிறகு வீட்டில் ஒரு தீர்ப்பு வந்தது: எனக்குப் பட்டன் போன் போதும், படம் எடுக்க உடையாத ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வந்தது இந்தக் கேமரா.

கிணறுகளுக்கு அது அருமையான கேமரா. கிணறு எப்படி எடுத்தாலும் கிணறுதான். லென்ஸ் ஒரு மூலையில் சுண்டைக்காய் அளவுக்கு இருப்பதால் பாதிப் படங்களில் என் விரலும் விழுந்திருக்கும். கம்பெனியில் யாரும் குறை சொன்னதில்லை. சில நாளில் நான் ஒரு போட்டோகிராபர் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

என் மனைவி வீட்டுத் தறியில் பட்டு நெய்கிறாள். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தும் நெய்யத் தெரியாத ஒரே ஆள் நான். என் கை தறியைத் தொட்டால் இழை தானாக அறும். நீளவாட்டு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் முதலாளி கொடுப்பார், நிறம் அவர் சொல்வதுதான். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு பார்டர், அரக்குக்கு மாம்பழ மஞ்சள் பார்டர். இப்படியே பதினோரு வருடம். போன ஐப்பசியில் அவள் முதலாளியிடம் போய், ஒரு பாவு என் இஷ்டத்துக்கு நெய்யட்டுமா என்று கேட்டாள். அவருக்கு அன்று என்ன நல்ல மூடோ, சரி என்றார்.

கருநீலத்தில் பாவு, செம்பு நிறத்தில் ஊடை. நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சாய்ந்து பார்த்தால் வேறு நிறம், மடிப்பில் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவதற்குப் பெயர் கிடையாது. "நாவப்பழம் துண்ண நாக்கு" என்றாள் அவள். பார்த்தேன், அதேதான்.

முதல் புடவையை நெய்து தறியிலிருந்து அறுத்ததும் முதலாளி வந்து பார்த்தார். அவருக்குப் பிடித்தது, பயமாகவும் இருந்தது. அவர் சரக்கு அனுப்புகிற பெங்களூர் கடைக்காரம்மாதான் எடுக்க வேண்டும், தை மாதக் கல்யாணங்களுக்கு அவர்கள் போட்டோ பார்த்துத்தான் தேர்வு செய்வார்கள்.

"அவங்க ஓகே சொன்னா அடுத்த பாவும் உன் கலர்தாம்மா. வேணான்னா பழையபடி மஞ்சாவும் அரக்கும்தான். அப்புறம் என்னக் கேக்கக் கூடாது" என்றார். "ஆனா போன்ல புடிக்காதீங்க. போன தபா என் போன்ல புடிச்சு அனுப்பினேன். அதுவே பளபளன்னு கலர ஏத்திடுச்சு. பொடவைய நேர்ல பாத்துட்டு வேற கலர்னு திருப்பி அனுப்பிட்டாங்க. யார்னா நல்ல கேமரா வச்சினு கீறவங்களா பாருங்க."

"நான் இருக்கேனே!" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை அந்தக் கேமராவில் பிடித்திருந்தால்கூடச் சரியாக வந்திருக்காது.

அன்று மாலையே ஆரம்பித்தேன். தறிக்கூடத்தில் புடவையைக் கொடியில் போட்டு, ட்யூப்லைட்டின் கீழே நின்று ஒன்று தட்டினேன். பிளாஷ் அடித்தது. படத்தில் புடவை இல்லை, ஒரு மின்னல் இருந்தது: ஜரிகை மொத்தமும் வெளிச்சத்தை வாங்கி என் முகத்திலேயே திருப்பி அடித்திருந்தது. பிளாஷை நிறுத்திவிட்டு எடுத்தேன். இப்போது புடவை முழுக்கப் புள்ளி புள்ளியாக, ரவையைத் தூவிய மாதிரி இருந்தது. சின்னக் கண் உள்ள கேமராவுக்கு இருட்டில் பார்வை அவ்வளவுதான்.

"ஏங்க, ட்யூப்லைட்டுல யாருனா கலர் பாப்பாங்களா?" என்றாள் மனைவி. "சாயம் போட்ட பட்டு வந்தா நான் எங்க நின்னுகினு பாக்குறேன்? வாசப்படியில. காலைல ஒம்போது மணிக்குள்ள. பதினோரு வருசமா நீங்க அங்க உக்காந்துகினுதான் காபி குடிக்கிறீங்க!"

உண்மைதான். இந்தத் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும், விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது என்று. எனக்கும் தெரியும். ஆனால் கையில் கேமரா வந்ததும் நான் நெசவுக்கார வீட்டு ஆளாக இல்லாமல் போட்டோகிராபராக மாறிவிட்டேன். போட்டோகிராபருக்கு இதெல்லாம் தெரியாது.

வெளிச்சம்தானே வேண்டும் என்று மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடிக்குப் போனேன். மழைக்காலத்தில் அதிசயமாக அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்தில் நின்று முழுப் புடவையும் அடங்குகிற மாதிரி எடுத்தேன். நேர்க்கோடாக இருக்க வேண்டிய பார்டர் வில்லாக வளைந்து வந்தது. நீலம் செத்துவிட்டது, செம்பு ஓடிவிட்டது. மிஞ்சியதை நான் சொல்வதற்குள், பக்கத்து மாடியில் நூல் காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவரும் தறி வைத்திருப்பவர்.

"இன்னா தம்பி, கத்திரிக்காய்க்கு ஜரிகை பார்டர் போட்டுகினு கீறீங்க?"

"சும்மா இருங்கண்ணே. திரையில அப்பிடித் தெரியும். அனுப்பினா சரியாத் தெரியும்."

எந்த நியாயத்தில் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி மனைவியின் போனில் போட்டு, அவள் தறியில் இருந்தபோது அவளைக் கேட்காமலே, முதலாளி கொடுத்திருந்த நம்பரில் பெங்களூருக்கு அனுப்பிவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் கடைக்காரம்மாவின் குரல் செய்தி வந்தது. அவள் என் முன்னாலேயே அதைப் போட்டாள்.

"இந்தக் கத்திரிக்காய் கலர் எங்ககிட்ட நெறைய இருக்கு. புதுசுன்னு சொன்னாங்களே? நாளைக்கு மத்தியானம் லிஸ்ட் முடிச்சிடுவோம். வேற இருந்தா அதுக்குள்ள அனுப்புங்க."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். தறியில் அதே பாவில் இன்னும் மூன்று புடவைக்கான இழை விரிந்து கிடந்தது. அதை ஒருமுறை தடவிவிட்டு, "அடுத்த பாவுக்கு மஞ்சா எப்ப வருதுன்னு முதலாளியக் கேக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை முதல்முறையாகக் கேமராவின் விளக்கப் புத்தகத்தைத் திறந்தேன். வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தண்ணீருக்கடியில் எடுப்பதற்குத் தனி அமைப்பு ஒன்று இருந்தது. அங்கே நிறம் செத்துப்போகுமாம், அதை அது உயிர்ப்பிக்குமாம். இங்கேயும் நிறம்தானே செத்துப்போகிறது என்று அதைப் போட்டு எடுத்தேன். புடவை செங்கல் சூளை மாதிரி சிவந்தது. பதினைந்து மீட்டர் ஆழத்தில் எங்காவது ஒரு கல்யாணம் நடந்தால் அந்தப் படம் உதவும்.

ஆனால் புத்தகத்தில் சில உருப்படியான விஷயங்களும் இருந்தன. பக்கத்தில் நிற்காமல் தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்தால் கோடு வளையாது. வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைத்தால் ஜரிகை எரியாது. எது வெள்ளை என்று முதலில் காட்டிவிட்டால் மற்ற நிறங்களை அதுவே சரிசெய்துகொள்ளும். கை ஆடினால், எதன்மேலாவது வைத்துவிட்டு இரண்டு வினாடி கழித்து அதுவே எடுக்கும்படி விடலாம். இவ்வளவையும் தெரிந்துவைத்துக்கொண்டு அது இரண்டு வருடமாக என் சட்டைப்பையில் வாய்திறக்காமல் இருந்திருக்கிறது.

காலையில் எட்டு மணிக்கு எல்லா ஏற்பாட்டோடும் எழுந்து வந்தால், மழை. கரண்டும் இல்லை. வீட்டுக்குள் கும்மிருட்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மனைவி வாசற்படியில் நின்று வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புடவையை எடுத்துவந்து, படிக்கு உள்ளே நின்றபடி முன்கையில் மடித்துப் போட்டுக்கொண்டாள்.

"இங்க வெளிச்சம் நல்லாத்தான் கீது. வெயில் கண்ணக் கூசல, சுவத்து நெழலும் விழல. இப்பிடி ஒரு நாள்லதான் நான் இந்த ரெண்டு கலரையும் சேத்து வச்சுப் பாத்தேன். நீங்க எடுங்க."

"எங்கிருந்து எடுக்கிறது? தள்ளி நிக்கணும். தள்ளி நின்னா தெருவு."

"தெருவுல நில்லுங்க. தண்ணில போற கேமராதானே?"

வாங்கியதிலிருந்து முதல்முறையாக அந்தக் கேமராவுக்கு ஒரு வேலை வந்தது. அதற்கு மழை பிரச்சினை இல்லை. பிரச்சினை எனக்குத்தான், என்னைப் பற்றி அட்டைப்பெட்டியில் யாரும் எதுவும் எழுதவில்லை.

எங்கள் தெருவில் விடிகாலையில் பாவு இழைகளை நீளமாக விரித்துக் கட்டுவார்கள். அதைத் தாங்க, குறுக்காகக் கட்டிய மூங்கில் கால்கள் இருக்கும். மழை என்பதால் எல்லாம் சுவரோரம் சாய்ந்துகிடந்தன. ஒன்றை இழுத்துவந்து எதிர்ச்சாரியில் நிறுத்தி, கேமராவை அதன் கவட்டையில் வைத்தேன். வெள்ளை காட்டுவதற்கு என் கல்யாணப் பட்டுவேட்டியைக் கேட்டேன். அது வெள்ளை இல்லையாம், சந்தனமாம். நிறத்தில் அவளிடம் வாதாட முடியுமா? ஒரு பருத்தி வேட்டியைக் கதவில் தொங்கவிட்டாள்.

லென்ஸில் சொட்டு விழுந்தது. சட்டையால் துடைத்தேன். சட்டையே நனைந்திருந்ததால் சொட்டு போய் ஏரி வந்தது. சட்டையைக் கழற்றி பனியனால் துடைத்தேன். பனியனும் நனைந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் குடையோடு வந்து நின்றார். குடையை எனக்குப் பிடிப்பார் என்று நினைத்தேன்.

"தம்பி, பேஜார் புடிச்ச வேலையா கீதே. கல்யாணப் பொண்ணு கூட இவ்ளோ நேரம் நிக்காதே" என்றார், குடைக்குள்ளிருந்தபடி.

"அண்ணே, அந்தத் துண்டக் குடுங்க. ஜல்தி!"

துண்டைக் கொடுத்தார். துடைத்தேன். எடுத்தேன். புடவையை நேராகப் பிடிக்கச் சொன்னேன், நீலம் மட்டும் வந்தது. சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன், செம்பு மட்டும் வந்தது. நாற்பது படம் ஆயிற்று. இரண்டில் என் விரல். ஒன்றில் அண்ணனின் குடை. ஒன்பது மணி தாண்டிவிட்டது. மழை விடுவது போலிருந்தது. விட்டால் வெயில் வரும், வெயில் வந்தால் கத்திரிக்காய் வரும்.

"கையக் கொஞ்சம் தூக்கு. அவ்ளோ இல்ல. கீழ. அய்யோ, அது இல்ல..."

"அடுப்புல பால் வச்சுட்டு வந்தேங்க!" என்று அவள் சட்டென்று உள்பக்கம் திரும்பினாள். இரண்டு வினாடிக் கணக்கில் நான் பொத்தானை அழுத்தி ஒரு வினாடி ஆகியிருந்தது. தடுக்க நேரமில்லை. கேமரா பாட்டுக்குக் கிளிக் என்றது.

திரையில் பார்த்தேன். முகம் இல்லை, பின்னலும் காதும்தான். ஆனால் திரும்பிய வேகத்தில் கையில் இருந்த மடிப்பு பாதி சரிந்திருந்தது. மேல்பக்கம் நீலம், கீழ்ப்பக்கம் செம்பு, நடுவில் ஒரு சாண் அளவுக்கு நாவல்பழம் தின்ற நாக்கு. பார்டர் நேராக இருந்தது. ஜரிகை எரியவில்லை. ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டு.

இரண்டு நாள் படாதபாடு பட்டதில், நான் எதுவும் சொல்லாத ஒரு வினாடியில்தான் படம் விழுந்திருந்தது. பால் மொத்தமும் பொங்கி வழிந்துவிட்டது. அதற்கும் என்னைத்தான் சொன்னாள்.

படத்தை அனுப்புவதற்கு முன் இந்தமுறை அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "பரவால்ல" என்றாள். மத்தியானம் முதலாளி போன் செய்தார், கடைக்காரம்மா லிஸ்டில் சேர்த்துவிட்டாராம், புடவையை உடனே அனுப்பச் சொல்கிறாராம். நான் அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பார்சல் பெங்களூர் போய்ச் சேர்ந்த அன்று கடைக்காரம்மாவே நேரில் பேசினார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். பாராட்டு வரப்போகிறது என்று நான் தலையெல்லாம் வாரிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் கேமரா.

"அம்மா, பொடவை ரொம்ப நல்லா இருக்கு. போட்டோல பாதிதான் தெரிஞ்சுது. நேர்ல எவ்வளவோ மேல! யாரு எடுத்தது அந்தப் போட்டோ?"

"எங்க வூட்டுக்காரரு" என்றாள். அப்படிச் சிரித்து அவளை நான் பார்த்ததில்லை.

"பாவம், பரவாயில்ல. அதே பாவுல மீதி மூணும் அனுப்பிடுங்க. அடுத்து என்ன கலர்?"

"மயில் கழுத்துப் பாவு, தங்க ஊடை. ஜரிகை ரெண்டு பங்கு. நெய்து போட்டோ அனுப்புறோங்க."

மயில் கழுத்து. தங்கம். அதன்மேல் இரண்டு பங்கு ஜரிகை. கேமரா கையிலிருந்து நழுவியது. சிமெண்டுத் தரையில் விழுந்து, ஒரு குட்டிக்கரணம் அடித்து, தறியின் காலில் மோதி நின்றது.

உடைந்திருக்காதா என்ற ஆசையோடு எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.