செத்த தோட்டாவுக்கு ஒரு வரிசை

போன கிழமை மகனுக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கப் பக்கத்து நகரமான லவாலில் ஒரு கடைக்குப் போனோம். சப்பாத்துக்கு அடுத்த பக்கம் வேட்டைச் சாமான்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டியில் '45-70' என்று கண்டதும் எனக்கு வாயெல்லாம் பல். "என்னம்மா, தோட்டாவைப் பாத்துச் சிரிக்கிறியள்?" என்றான். சொல்லத் தொடங்கினேன், அவன் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினான். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். துறைமுகக் கிட்டங்கியில் என் கணவருக்கு வேலை நின்றுபோய், வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். அதுவும் எங்கே? ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட ஒரு வேட்டைச் சாமான் கடையில். இவர் தலையில் கை வைத்தார். "உந்த வெடிக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்? நீர் அதை விக்கப் போறீரோ?" ஊரில் வெடித்த தோட்டாவின் வெறும் கோது சட்டைப்பையில் இருந்தாலே ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே தோட்டாவைத் தூண்டில் நூலுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். முதல் கிழமை பெட்டிகளை முட்டையைப்போலத் தூக்கினேன். என் கோட்டில் துவக்கு எண்ணெய் மணக்கும். அந்த மணம் வீட்டுக்குள் வரக்கூடாதென்று இவர் கோட்டைப் பல்கனியில் தொங்கப்போடுவார்.

45-70 நூறு வயதைத் தாண்டிய தோட்டா. சுண்டுவிரல் தடிப்பில் ஈயம், வேகமும் குறைவு. முதலாளி அதைச் செத்த தோட்டா என்பார். மெலிந்த, வேகமான புதுசுகளில்தான் அவருக்கு மோகம். அந்த வருடம் பழசை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

தொலைபேசி எடுப்பது என் வேலை. இலையுதிர்காலம் தொடங்கியதும் எல்லாரும் அதையே கேட்டார்கள். இங்குள்ள மூஸ் மான் மாட்டைவிடப் பெரியது. அடர்ந்த காட்டில் கிட்டத்தில்தான் எதிர்ப்படும். அதை விழுத்தப் பாரமான குண்டுதான் வேண்டுமாம். கிழவர்களும் கேட்டார்கள், இளந்தாரிகளும் கேட்டார்கள். நானோ அப்பாவின் புடவைக்கடையில் வளர்ந்தவள். வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்ற சொல் எங்கள் வாயில் வராது. 'வருது' என்றுதான் சொல்வோம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அதையே சொன்னேன்: வருது, சனிக்கிழமை வந்து பாருங்கள். ஊரில் அது ஒரு மரியாதைப் பேச்சு. இவர்கள் நம்பிவிட்டார்கள்.

வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை, கடை திறக்கும்போதே வாசலில் ஆட்கள். எல்லாருக்கும் 45-70. முதலாளி கத்திய பிரெஞ்சைத் தமிழில் சொன்னால், "ஆர் உன்னை உப்படிச் சொல்லச் சொன்னது? பின்னேரத்தோட நீ வேலையாலை நிண்டுகொள்!" எனக்கு அடுத்த மாத வாடகை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "செத்த சாமானுக்கு இவ்வளவு சனம் வருமோ? வெளியிலை போய்ப் பாருங்கோ" என்றேன். போய்ப் பார்த்தார். வரிசை மூலை திரும்பிப் போயிருந்தது. உடனே வான் வண்டியை எடுத்துக்கொண்டு மொத்த வியாபாரக் கடைக்கு ஓடினார். வரிசையில் நின்ற தாடிக்கார வேட்டைக்காரர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து நிறுத்திவைத்தேன். மத்தியானம் பெட்டிகள் வந்தன. பின்னேரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெளியே போகச் சொன்ன மனுசன், இனி என்ன தோட்டா எடுப்பது என்று என்னிடம் கேட்டார். எனக்கு அன்று நிலத்தில் கால் படவில்லை. வீட்டில் சொன்னதும் இவர் எழும்பி, "பொறும், கோட்டை உள்ளுக்கை கொண்டுவாறன்" என்றார்.

அந்தக் கடை இப்போது இல்லை. அங்கே கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாமான் இருக்கிறதா என்று யாரும் ஆளைக் கேட்பதில்லை, திரையைக் கேட்கிறார்கள். பிறகு எத்தனையோ இடங்களில், கூடின சம்பளத்துக்கும் வேலை செய்துவிட்டேன். ஆனால் வேலை கேட்டு நான் கடை கடையாக ஏறி இறங்கிய இந்த நகரத்தில், என் வாய்ச்சொல்லை நம்பிச் சனம் வரிசையில் நின்றது அந்த ஒரு காலைதான்.