நான் சொன்ன சரிங்க

யாராவது என்னிடம் பேசினால் "சரிங்க" என்பேன். அதற்கு மேல் வார்த்தை வராது. பஸ்ஸில் என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தாலும் சரிங்கதான். ஐந்தாவது வரை படித்தேன். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் விடைக்குப் பதில் இதுதான் வரும். இந்தப் பழக்கத்தால் என் கடைசி மகளின் வேலை விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது.

நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் பிறந்தவள் அவள். பி.சி.ஏ. முடித்த கையோடு பெங்களூர்க் கம்பெனி ஒன்று வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியது. கடிதம் என்றால் காகிதம் இல்லை, போனில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குப் போக ஆசை. ஆனால் அப்பா வேண்டாம் என்றால் போகமாட்டாள். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் லைன் வீட்டில், அவருக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் சுரங்கம் மூடும்வரை லெவல் லெவலாகக் கீழே இறங்கி வேலை பார்த்தவர். தனக்குத் தெரியாத வேலை உலகத்தில் கிடையாது என்பது அவர் எண்ணம்.

"லெவல் ஒன்ல போட்டிருக்காங்க நைனா," என்றாள்.

"லெவல் ஒண்ணா? நல்லதுதான். தரைக்குக் கிட்ட. காத்து வரும். ஒண்ணு ஆச்சின்னா ஏணியிலயே மேல வந்துடலாம்."

"நல்லா வேலை செஞ்சா அடுத்த வருஷம் லெவல் டூ. அப்புறம் த்ரீ."

அவர் என்னைப் பார்த்தார். "இன்னாமே இது. நல்லா வேலை செய்றவள ஆழத்துல எறக்குவாங்களாம். சோம்பேறிய இன்னா பண்ணுவாங்க, மேல உக்கார வெச்சி டீ குடுப்பாங்களா?"

"நைனா, ஆபீசு ஏழாவது மாடி."

"ஏழாவது மாடியில லெவல் ஒண்ணா? எண்ணவே தெரியாத கம்பெனி."

மகள் சிரித்துச் சிரித்து இருமினாள். அடுத்த வரி வந்ததும் சிரிப்பு நின்றது. மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிப்டு.

ஷிப்டு என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் விளக்கம் வேண்டியதில்லை. அவர் நைட் ஷிப்டு போன நாட்களில், காலையில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்கும்வரை நான் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. "பாக்கலாம்," என்று எழுந்து போனார்.

இரண்டு நாள் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை, கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டு வருகிறேன் என்று சாம்பியன் ரீப்ஸ் பக்கம் இருக்கும் டீக்கடைக்குக் கிளம்பினார். குழாயில் தண்ணீர் வருகிறது என்று மகள் குடத்தோடு ஓடினாள். சார்ஜில் கிடந்த அவள் போன் அடித்தது.

நான் எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் அடிக்கவே, நிறுத்துவதாக நினைத்து எதையோ தேய்த்தேன். ஒரு பெண் குரல் இங்கிலீஷில் பேசியது.

"சரிங்க," என்றேன்.

அந்தப் பெண் தமிழுக்கு மாறினாள். கம்பெனியிலிருந்துதான் பேசினாள். "அம்மாவா? உங்க மகள் இன்னும் பதில் சொல்லலையேம்மா. இன்னிக்கு சாயந்திரம்தான் கடைசி."

"சரிங்க."

"திங்கக்கிழமை சேரணும். தங்கறதுக்கு லேடீஸ் ஹாஸ்டல் நாங்களே காட்டுறோம்."

"சரிங்க."

"ஷிப்டு பத்தி ஏதாவது சந்தேகம் இருக்கா?"

இதற்கும் சரிங்க வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆள் முன்னால் இல்லாதது ஒரு தைரியம் போலிருக்கிறது. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "அந்த நைட்ல இவளோட எத்தினி பொம்பளப் புள்ளைங்க இருப்பாங்க?"

"பதினோரு பேரும்மா. நானும் அந்த ஷிப்டு பாத்தவதான். வண்டி ஹாஸ்டல் வாசல்லயே எறக்கி விடும்."

"எல்லாரையும் எறக்கிட்டு இவள மட்டும் கடைசியா கொண்டு போவாங்களா?"

"மாட்டாங்கம்மா. பொண்ணுங்களை எறக்கிட்டுதான் ஆம்பளைங்களை எறக்கணும், அது ரூல். அப்ப மகள் வராங்கன்னு எழுதிக்கட்டுமா?"

"சரிங்க," என்றேன். இந்த ஒன்றை மட்டும் தெரிந்துதான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். "ஒருத்தன் கூட அனுப்புன்னு சொல்லல. வேணாம்னு சொல்லிடலாம்."

"நான் சரின்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"கம்பெனிகிட்ட."

குடத்தோடு உள்ளே வந்த மகள் பாதித் தண்ணீரைக் காலிலேயே கொட்டிக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுல தீப்பெட்டி கேக்க மாட்ட. நீ கம்பெனிகிட்ட பேசினியா?" என்றார் அவர்.

"அவங்க கேட்டாங்க. கூச்சமா இருந்துச்சி, சரின்னுட்டேன்."

கூச்சத்தின் மேல் பழியைப் போட்டது நல்லதாய்ப் போயிற்று. கூச்சத்தோடு யார் சண்டை போடுவார்கள். பிறகு பதினோரு பெண்களையும் வண்டியையும் பற்றி மெல்லச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். மகள் ஈரக்காலோடு நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹாஸ்டல்ல சோறு எப்டியாம்?" என்றார்.

"அத்த கேக்கல."

"பின்ன இன்னாத்த கேட்ட? புள்ள அங்க போய் இன்னா துண்ணும்? போன போடு."

போனை என்னிடமே நீட்டினார். மகளிடம் தள்ளிவிட்டேன். அவள் பேசும்போது ஒட்டி நின்று, "பெங்களூர்ல சாம்பார்ல வெல்லம் போடுவாங்களாம், இவங்களும் போடுவாங்களான்னு கேளு," என்று அவள் காதில் சொன்னேன்.