சித்தப்பாவுக்கு லைன் கிடைத்த நாள்

எங்கள் பக்கத்துக்கு எஃப்.எம். வந்த புதிதில் ஊரே அதற்குக் காதைக் கொடுத்துவிட்டது. வேலூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், இரண்டே அறைகளில் அந்த வானொலி நிலையம் நடந்தது. பாத்திரக்கடை, நகைக்கடை விளம்பரங்களும் நேயர்களின் போன்களும்தான் அதற்குப் பிழைப்பு. பள்ளிகொண்டாவில் எங்கள் வீட்டுக்கு அது கரகரவென்றுதான் வரும். அதற்கே சித்தப்பா ஜன்னல் கம்பியில் ஒயரைச் சுற்றி வைத்திருந்தார். வேலை தேடிக்கொண்டிருந்த அவருக்கு அந்த நிலையத்துக்குப் போன் போடுவதே முழுநேர வேலையாகிவிட்டது. லைன் மட்டும் கிடைத்தபாடில்லை.

கிடைக்கக் கூடாத நாளில் கிடைத்தது.

அன்று அம்மாவுக்குப் பிறந்த நாள். எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மா ஆம்பூர் ரோட்டில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கிய நேரம், யாருக்கும் லீவு கிடையாது. ராணிப்பேட்டையில் வேறொரு கம்பெனியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, ஜுரம் என்று சொல்லிவிட்டு அங்கே போயிருந்தாள். வெளியே தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும் என்று எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

சித்தப்பா போனில் அம்மாவின் பெயரைச் சொன்னார். கேட்காமலே கம்பெனியின் பெயரையும் சொன்னார்.

"அக்கா இப்ப வேலைல இருக்காங்களா?" என்று கேட்டார் நிகழ்ச்சி நடத்திய பெண்.

"இல்லீங்க, அண்ணி லீவு. ஜுரம்னு சொல்லிட்டு ராணிப்பேட்டைல வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போயிக்கிறாங்க. கெடைக்கணும்னு நீங்களும் வேண்டிக்கோங்க!"

பிறகு போன் என் கைக்கு வந்தது. பள்ளியில் சொல்லிக்கொடுத்த மழைப் பாட்டை ஒரு வரி விடாமல் பாடினேன். பாடி முடிப்பதற்குள் டீக்கடையிலிருந்து அப்பா ஓடி வந்தார்.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கிற? அவ கம்பெனில நாள் முழுக்க ரேடியோ ஓடுதுடா!"

பெண்கள் வேலை நேரத்தில் கதை பேசாமல் இருக்க சூப்பர்வைசரே தையல் ஹாலில் ஸ்பீக்கர் வைத்திருந்தார். சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவரைப் பொறுத்தவரை ரேடியோவில் பேசுவது அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நடக்கிற விஷயம்.

சாயங்காலம் அம்மா வாடிப்போய் வந்தாள். ராணிப்பேட்டையில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்களாம். அப்பா விஷயத்தைச் சொன்னபோது அவள் யாரையும் திட்டவில்லை. கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்தே இருந்தாள். திட்டியிருந்தால் எனக்குப் பாதி பயம் போயிருக்கும். சித்தப்பா சாப்பிட வரவேயில்லை.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு வந்தோம். அன்று முழுக்க எந்த பஸ் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். பாதியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார்.

எப்போதும் வருகிற நேரத்துக்குத்தான் வந்தாள்.

"சூப்பர்வைசரு, ஜுரம் தேவலையான்னு கேட்டாரு. அவ்ளோதான்," என்றாள்.

"அப்ப அவரு காதுல உழலியா?" என்று கேட்டார் அப்பா.

"உழல," என்று சிரித்தவள், சட்டென்று அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

எனக்கு இருந்த கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் வேலை செய்கிற பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் பாட்டு எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன்.

"கேக்கலியே கண்ணு, ஒரே மெஷின் சத்தம்," என்றார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்து வேறு சிரித்தார்கள். அவமானமாக இருந்தது. ஒரு அக்கா ஆற்காட்டிலிருந்து வாங்கி வந்த மக்கன் பேடாவை நீட்டினார். நான் தள்ளிவிட்டேன்.

அந்த நிலையத்தைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கி, நிகழ்ச்சியெல்லாம் சென்னையிலிருந்து வர ஆரம்பித்த பிறகுதான் அம்மா எனக்கு விவரம் சொன்னாள். ரேடியோவில் தங்கள் கம்பெனி பெயர் வந்ததும் எல்லோரும் ஆசையாக மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா 'லீவு' என்றதுமே, எனக்குப் பேடா நீட்டிய அந்த அக்கா பெடலை மிதித்திருக்கிறார். அவரைப் பார்த்து ஹால் முழுக்க மிதித்திருக்கிறது, ஊசிக்கடியில் தோல்கூட வைக்காமல். நூல் சிக்கி, ஊசி உடைந்து, அன்று எல்லோருக்கும் நல்ல திட்டு.

என் பாட்டில் ஒரு வரிகூடக் காதில் விழவில்லை என்று அவர்கள் சொன்னது சத்தியமான உண்மை. யாருக்கும் விழாமல் பார்த்துக்கொண்டதே அவர்கள்தான் என்பது, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற எனக்கு அன்று தெரியாது.